கேள்விக்குறி இல்லாத ‘வாட்’

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாசியில் என்னிடம் கைபேசியை நீட்டினார். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சல். இரண்டே வாக்கியம்.

“பாருங்க டீச்சர், வாட் வாட்னு மூணு தடவ கேட்டிருக்காக. ஒரு எடத்துலகூடக் கேள்விக்குறியக் காணோம். நான் எதுக்குன்னு பதில் சொல்றது?”

அந்த மின்னஞ்சலை அப்படியே தருகிறேன். இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். ‘வாட்’ என்பது ‘என்ன’ என்று கேட்கிற ஆங்கிலச் சொல். வாய்விட்டுப் படித்தால் எளிதாகப் பிடிபடும்.

“வாட் வி ரிசீவ்ட் லாஸ்ட் வீக் வாஸ் நாட் வாட் வி ஹேட் ஆர்டர்ட். ப்ளீஸ் லெட் அஸ் நோ வாட் யூ ப்ரபோஸ் டு டூ.”

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி அவர் பூப் போடுவதைப் பார்க்க எத்தனையோ வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவர்களிடம் தடங்கலில்லாமல் பேசுகிறவர். ஆனால் பேச்சில் அவர் கேட்ட வாட் எல்லாம் கேள்வி கேட்கிற வாட். வாட் ப்ரைஸ், வாட் சைஸ், வாட் கலர். அலுவல் கடிதத்தில் வாட் வேறொரு வேலை பார்க்கிறது. காரைக்குடியில் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கானாடுகாத்தான் பக்கம் ஓட்டல்களில் வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளைகள், வங்கிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், கல்லூரி முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே சிக்கல்.

அண்ணனுக்கு முதல் வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன்: “போன வாரம் எங்களுக்கு வந்தது நாங்கள் கேட்டது அல்ல.”

“அட, சரக்கு மாறிப்போச்சுங்கறாக!” என்று உடனே பிடித்துக்கொண்டார்.

அந்த வாக்கியத்தில் இருக்கும் இரண்டு வாட்டுக்கும் தமிழ், ‘வந்தது’, ‘கேட்டது’ என்ற சொற்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘அது’. ‘சரக்கு வந்தது’ என்றால் ‘வந்தது’ வினைமுற்று. ‘வந்தது உடைந்திருந்தது’ என்றால் அதே ‘வந்தது’ ஒரு பெயராகிவிடுகிறது. வந்த பொருளைக் குறிக்கிறது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் வினையாலணையும் பெயர் என்று படித்தோம். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்தப் பெயர், ஆங்கிலம் எழுத உட்காரும்போது இவ்வளவு உதவும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எனக்கு இது புரிந்த நாளில் பட்ட சந்தோஷத்தை இன்றும் ஒவ்வொரு புது வகுப்பிலும் படுகிறேன்.

தமிழ் வினையின் வாலில் ‘அது’ வைத்து அதைப் பெயராக்குகிறது. ஆங்கில வினைக்கு அப்படி வால் கிடையாது. அதனால் அது தலையில் வாட் வைக்கிறது. எனக்குத் தெரிந்தது, ‘வாட் ஐ நோ’. நீங்கள் சொன்னது, ‘வாட் யூ செட்’. நடந்தது, ‘வாட் ஹேப்பன்ட்’. எங்களுக்கு வேண்டியது, ‘வாட் வி நீட்’. இப்படி வாட்டில் தொடங்கி ஒரு வினையையும் உள்ளே வைத்துக்கொண்டு, மொத்தமாக ஒரு பெயர்ச்சொல்லின் இடத்தில் போய் உட்காரும் தொடரை இனி வாட்-தொடர் என்று சொல்லிக்கொள்வோம். பெயர் எங்கெல்லாம் உட்காருமோ அங்கெல்லாம் இதுவும் உட்காரும். எழுவாயாக இருக்கலாம், செயப்படுபொருளாக இருக்கலாம், ‘வாஸ்’, ‘இஸ்’ என்பவற்றுக்குப் பின்னால் பயனிலையாகவும் வரலாம். அந்த மின்னஞ்சலில் முதல் வாட்-தொடர் எழுவாய், இரண்டாவது பயனிலை.

இந்த ஒப்புமையைக் கையில் பிடித்துக்கொண்டால் இரண்டு பிழைகள் தாமாகவே விலகும்.

“தி டைல்ஸ் வாட் யூ சென்ட்” என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். தமிழில் அது ‘நீங்கள் அனுப்பிய டைல்ஸ்’. ‘அனுப்பிய’ என்பது பெயரெச்சம். டைல்ஸ் என்ற பெயர் பக்கத்திலேயே நிற்கிறது. பெயர் கண்ணுக்குத் தெரிந்தால் வாட்டுக்கு அங்கே வேலையில்லை. “தி டைல்ஸ் தட் யூ சென்ட்” அல்லது “விச் யூ சென்ட்” என்றுதான் எழுத வேண்டும். பெயரை எடுத்துவிட்டு ‘நீங்கள் அனுப்பியது’ என்று சொன்னால் மட்டும் “வாட் யூ சென்ட்”. வாட்டுக்குள் ‘பொருள்’ என்ற பெயர் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதனால் பக்கத்தில் இன்னொரு பெயரை அது ஏற்காது. “ஆல் வாட் யூ செட்” என்பதும் இதே காரணத்தால் தவறு. “ஆல் தட் யூ செட்” என்று எழுதுங்கள், இல்லையென்றால் வெறுமே “வாட் யூ செட்” போதும்.

இரண்டாவது, திணை. ‘வந்தது’ அஃறிணை, ‘வந்தவர்’ உயர்திணை. வாட்-தொடர் ‘வந்தது’க்குத்தான். வந்தவர், கேட்டவர், கையெழுத்துப் போட்டவர் என்று ஆளைக் குறிக்க வேண்டுமானால் “தி பெர்சன் ஹூ சைன்ட்”, பலர் என்றால் “தோஸ் ஹூ சைன்ட்”. ஆனால் “ஹி இஸ் நாட் வாட் ஹி வாஸ்” என்று ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். அங்கே வாட் ஆளைச் சொல்லவில்லை, அவருடைய நிலையைச் சொல்கிறது. நாம் ‘அவர் இப்போ பழைய ஆள் இல்லை’ என்று சொல்வோமே, அது.

காலி இடம் எங்கே?

‘அது’ என்ற வால் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. இதை விளக்காமல் விட்டால் நான் மேலே சொன்னதே உங்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும்.

‘மகள் கல்யாணத்துக்கு ஆச்சி கொடுத்தது ஊருக்கே தெரியும்.’ இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஆச்சி என்னென்ன கொடுத்தார்களோ அந்தச் சாமான்கள் ஊருக்குத் தெரியும், சீர் சாமான்களைக் குறித்துவைக்கும் முறைச்சிட்டையில் வரிசையாக எழுதியிருக்கிறது என்பது ஒன்று. ஆச்சி கொடுத்தார்கள் என்ற செய்தி ஊருக்குத் தெரியும் என்பது இன்னொன்று. முதலாவதில் ‘கொடுத்தது’ வினையாலணையும் பெயர். இரண்டாவதில் அது தொழிற்பெயர், அதாவது கொடுத்த செயலுக்கே பெயர். எழுத்தில் இரண்டும் ஒன்றே. நமக்கு இடம் பொருள் பார்த்து விளங்கிவிடுகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருக்கிறது: பொருளுக்கு வாட், செய்திக்கு தட்.

எது எங்கே என்று கண்டுபிடிக்க வகுப்பில் நான் சொல்லித் தரும் வழி ஒன்றுதான். தொடருக்குள் போய்க் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். “ஆச்சி கேவ்” என்று எழுதுகிறீர்கள். கொடுத்தார், எதை? அந்த இடம் காலியாக இருக்கிறது. காலி இருந்தால் அதை நிரப்ப வாட் வேண்டும்: “வாட் ஆச்சி கேவ் இஸ் நோன் டு தி ஹோல் வில்லேஜ்.” இப்போது “ஆச்சி கேவ் சில்வர் வெசல்ஸ்” என்று எழுதுகிறீர்கள். எதை என்பதற்கு வெள்ளிப் பாத்திரம் என்று பதில் உள்ளேயே வந்துவிட்டது. காலி இல்லை. ஆகவே தட்: “தட் ஆச்சி கேவ் சில்வர் வெசல்ஸ் இஸ் நோன் டு தி ஹோல் வில்லேஜ்.” அல்லது இன்னும் இயல்பாக, “எவ்ரிஒன் நோஸ் தட் ஆச்சி கேவ் சில்வர் வெசல்ஸ்.”

காலி இடம் எப்போதும் ‘எதை’ என்ற இடமாகவே இருக்கும் என்றில்லை. “வாட் ஹேப்பன்ட்” என்பதில் எழுவாய் இடம் காலி. “வாட் வி அக்ரீட் ஆன்” என்பதில் ‘ஆன்’ என்பதற்குப் பின்னால் காலி. இந்த மாதிரி கடைசியில் நிற்கும் ஆன், ஃபார், வித் போன்ற சின்னச் சொற்களை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். “வாட் யூ ஆர் லுக்கிங் இஸ் ஹியர்” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. லுக்கிங் ஃபார் என்றால்தான் தேடுவது. ஃபார் இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும்.

வாட் வைத்தபிறகு காலி இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து அடைப்பதும் கூடாது. “வாட் யூ ஆர்டர்ட் இட் இஸ் ரெடி” என்று சொன்னால் ‘இட்’ உபரி. “வாட் யூ ஆர்டர்ட் இஸ் ரெடி.” அவ்வளவுதான். தமிழில் ‘நீங்க ஆர்டர் பண்ணது, அது ரெடி’ என்று மூச்சு விட்டுச் சொல்லிப் பழகிய வாய், ஆங்கிலத்திலும் ஓர் ‘இட்’ போட்டுவிடுகிறது.

மூன்றாவது வாட்

மின்னஞ்சலின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். “ப்ளீஸ் லெட் அஸ் நோ வாட் யூ ப்ரபோஸ் டு டூ.” நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று தெரியப்படுத்துங்கள்.

இந்த வாட் கொஞ்சம் வேறு. இதற்குத் தமிழில் ‘அது’ வரவில்லை; ‘என்ன... என்று’ வருகிறது. ஒரு கேள்வி வாக்கியத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தெரியாது, கேட்டார், சொல்லுங்கள், விசாரிக்கிறோம் போன்ற வினைகளுக்குப் பின்னால் இதைப் பார்க்கலாம். அண்ணன் கேள்வி என்று நினைத்தது இந்த மூன்றாவது வாட்டைப் பொறுத்தவரை பாதி சரி. கேள்வி உள்ளே இருக்கிறது. ஆனால் வாக்கியம் மொத்தமாக ஒரு வேண்டுகோள். அதனால் கேள்விக்குறி இல்லை.

நம் ஊர்க் கடிதங்களில் நான் மிக அதிகமாகத் திருத்துகிற பிழை இங்கேதான் இருக்கிறது. “ப்ளீஸ் இன்ஃபார்ம் வாட் இஸ் தி ப்ரைஸ்.” “ஐ டோன்ட் நோ வாட் இஸ் ஹிஸ் நேம்.” “கைண்ட்லி டெல் அஸ் வாட் டிட் யூ ஆர்டர்.”

ஏன் இப்படி வருகிறது? தமிழ் ஒரு கேள்வியை மடித்து வைக்கும்போது அதன் உள்வரிசையைத் தொடுவதே இல்லை. ‘விலை என்ன?’ என்ற கேள்வி அப்படியே நிற்க, பின்னால் ‘என்று’ போட்டுத் தைத்துவிடுகிறோம்: விலை என்ன என்று தெரிவியுங்கள். பெயர் என்ன என்று தெரியவில்லை. தையல் மட்டும் புதிது, துணி பழையது. ஆங்கிலத்தில் ‘என்று’ மாதிரி தைக்கிற நூல் இந்த இடத்தில் இல்லை. அதற்குப் பதிலாக அது வரிசையை மாற்றுகிறது. கேள்வியாக இருந்தபோது முன்னால் தாவிய வினை, மடித்து வைத்ததும் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

கேள்வி: “வாட் இஸ் தி ப்ரைஸ்?” மடித்தபின்: “ப்ளீஸ் இன்ஃபார்ம் அஸ் வாட் தி ப்ரைஸ் இஸ்.” கேள்வி: “வாட் டிட் யூ ஆர்டர்?” மடித்தபின்: “கைண்ட்லி டெல் அஸ் வாட் யூ ஆர்டர்ட்.” டிட் என்பது கேள்விக்காகக் கூலிக்கு வந்த ஆள். கேள்வி முடிந்ததும் அது கிளம்பிவிடும். போகும்போது இறந்தகாலத்தை ஆர்டர் என்ற வினையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும், அதனால் ஆர்டர்ட். “வாட் ஹேப்பன்ட்?” போன்ற கேள்விகளில் வாட்டே எழுவாய் என்பதால் வரிசை முதலிலேயே சரியாக இருக்கிறது, அதில் மாற்ற ஒன்றுமில்லை.

மடித்த கேள்வியானாலும் சரி, வினையாலணையும் பெயரானாலும் சரி, வாட்டுக்குப் பிறகு வருவது சாதாரண வாக்கியத்தின் வரிசைதான். எழுவாய் முன்னே, வினை பின்னே. எந்த வகை என்று சந்தேகமாக இருந்தாலும் வரிசையை மட்டும் சரியாக வைத்துவிட்டால் வாக்கியம் தப்பாது. பேச்சில் இதைத் தவறவிட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கடிதத்தில் முதல் வரியிலேயே கண்ணை உறுத்தும்.

வேற்றுமை உருபு எங்கே போகிறது?

தமிழில் வினையாலணையும் பெயருக்கு வேற்றுமை உருபு சேரும். சொன்னதை, சொன்னதால், சொன்னதற்கு, சொன்னதிலிருந்து. ஆங்கிலத்தில் உருபின் வேலையைப் பார்க்கும் முன்னிடைச் சொல், வாட்டுக்கும் முன்னால் போய் நிற்கும். நீங்கள் சொன்னதிலிருந்து, “ஃப்ரம் வாட் யூ ஹேவ் டோல்ட் அஸ்”. ஒப்புக்கொண்டதற்கு மாறாக, “கான்ட்ரரி டு வாட் வாஸ் அக்ரீட்”. மேலே கூறப்பட்டதைக் கருத்தில் கொண்டு, “இன் வியூ ஆஃப் வாட் ஹேஸ் பீன் ஸ்டேடட் அபவ்”. வழக்கறிஞர் நோட்டீசிலும் அரசாங்கக் கடிதத்திலும் இப்படிப்பட்ட தொடர்கள் நிறைந்திருக்கும். தமிழை வலமிருந்து இடமாகப் படிப்பதுபோல, உருபை முதலில் எடுத்து, ‘அது’வை வாட்டாக்கி, பிறகு வாக்கியத்தை எழுதினால் ஆங்கிலம் வந்துவிடும்.

அழுத்தம் கொடுக்கும் வாட்

அலுவல் கடிதத்தில் வாட்-தொடருக்கு இருக்கும் பெரிய மரியாதை வேறு காரணத்தால் வருவது. அது வாக்கியத்தின் கனத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறது.

கடன் தவணை தவறிய ஒருவர் வங்கிக்கு எழுதுகிறார். “வி ரெக்வெஸ்ட் மோர் டைம்” என்றாலே பிழையில்லாத வாக்கியம்தான். ஆனால் வங்கி மேலாளர் ‘தள்ளுபடி கேட்டு வந்திருக்கிறார்’ என்று நினைத்துவிட்டால்? அங்கே வாட் கைகொடுக்கும்: “வாட் வி ரெக்வெஸ்ட் இஸ் நாட் எ வெய்வர் பட் மோர் டைம்.” நாங்கள் கேட்பது தள்ளுபடி அல்ல, கூடுதல் அவகாசம். தமிழிலும் ‘நாங்கள் அவகாசம் கேட்கிறோம்’ என்பதைவிட ‘நாங்கள் கேட்பது அவகாசம்’ என்பதில் அவகாசம் அழுத்தமாக விழுகிறதல்லவா? வாட்-தொடர் படிப்பவரை ‘என்ன கேட்கிறார்?’ என்று ஒரு கணம் காத்திருக்க வைக்கிறது. காத்திருந்த இடத்தில் நம் முக்கியமான சொல் வந்து விழுகிறது.

கூட்டத்தில் பேசும்போது ‘நான் சொல்ல வர்றது என்னன்னா’ என்று தொடங்குகிறோமே, அதுவும் இதுதான்: “வாட் ஐ விஷ் டு சே இஸ் தட்...” இந்த ‘என்னன்னா’வை இடம் பார்க்காமல் மொழிபெயர்த்து “இஸ் மீன்ஸ்” என்று சிலர் போடுகிறார்கள். ‘என்னவென்றால்’ என்பதன் முழு வேலையையும் ‘இஸ்’ ஒன்றே செய்துவிடுகிறது. மீன்ஸ் வேண்டாம்.

செயலுக்கு அழுத்தம் தர வேண்டுமானால் டூ என்ற வினையை வாட்-தொடருக்குள் வையுங்கள். “வாட் தி ஃபேமிலி டிட் வாஸ் டு லாக் தி ஹவுஸ் அண்ட் லீவ்.” குடும்பத்தார் செய்தது வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதுதான். யார் என்று சொல்ல விரும்பாதபோது செயப்பாட்டு வினையில் “வாட் இஸ் ரெக்வயர்ட் இஸ் எ சைன்ட் காப்பி”; அரசு அலுவலகங்களுக்கு மிகவும் பிடித்த நடை. அங்கே இரண்டு ‘இஸ்’ பக்கத்தில் பக்கத்தில் வருவதைப் பார்த்துப் பயந்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். முதல் இஸ் தொடருக்குள் இருக்கிறது, இரண்டாவது வெளியே. இடையில் காற்புள்ளியும் வைக்க வேண்டாம்.

ஒரு கடிதத்தில் இந்த அழுத்தம் ஒரு முறை போதும் என்பது என் கருத்து. பத்திக்குப் பத்தி “வாட் வி வாண்ட் இஸ்” என்று எழுதினால் குரலை உயர்த்திப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

வாட்-தொடர் எழுவாயாக வந்தால் வினை ஒருமையில் இருப்பதுதான் வழக்கம்: “வாட் வி நீட் இஸ் டைம்.” பின்னால் வருவது பன்மையானால் “வாட் வி நீட் ஆர் ஸ்கில்ட் மேசன்ஸ்” என்றும் எழுதுகிறார்கள், அதுவும் சரி. தொடங்குகிறவர்கள் ஒருமையில் நிற்பது பத்திரம்.

வீட்டைச் சுற்றிக் காட்டும் பிள்ளைகளுக்கு

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வெளிநாட்டு விருந்தினர்களுக்கு வீடு காட்டும் பிள்ளைகளுக்காக நான் தனியாகச் சில வாட்-தொடர்கள் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டைப் பற்றிப் பேசும்போது அன்று ஒன்றாக இருந்ததையும் இன்று வேறொன்றாகத் தெரிவதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு இதைவிட நல்ல வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தில் இல்லை.

“வாட் வாஸ் ஒன்ஸ் எ ஃபேமிலி ஹோம் இஸ் நவ் எ ஹோட்டல்.” ஒரு காலத்தில் குடும்பம் வாழ்ந்த வீடு இப்போது ஓட்டல். “வாட் லுக்ஸ் லைக் மார்பிள் இஸ் இன் ஃபேக்ட் லைம் ப்ளாஸ்டர்.” பளிங்கு மாதிரித் தெரிவது உண்மையில் சுண்ணாம்புப் பூச்சு. இதைச் சொல்லிவிட்டு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த கதையைத் தொடங்கினால் விருந்தினர் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார். “வாட் யூ ஆர் ஸ்டாண்டிங் ஆன் வாஸ் நெவர் ஃபயர்ட் இன் எ கில்ன்.” நீங்கள் நின்றுகொண்டிருப்பது சூளையில் சுட்டதே இல்லை, ஆத்தங்குடிக் கல் தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. இந்த வாக்கியத்தில் ‘ஆன்’ விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்க்க முடியாத நம் சொற்களை அறிமுகப்படுத்த “வாட் வி கால்” இருக்கிறது. “வாட் வி கால் தி வளவு இஸ் தி பார்ட் ஆஃப் தி ஹவுஸ் அரவுண்ட் தி மெயின் கோர்ட்யார்ட்.” முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று வீட்டின் மற்றப் பகுதிகள் எல்லாவற்றையும் இப்படியே சொல்லலாம். வளவை வெறும் கோர்ட்யார்ட் என்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைகளிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். சொல்லையும் கொடுங்கள், விளக்கத்தையும் கொடுங்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. வாட்டுக்குப் பக்கத்தில் பெயர் வராது என்று மேலே சொன்னேன். ஆனால் லிட்டில், ஃப்யூ என்ற சொற்களோடு சேர்ந்து வரும். “வாட் லிட்டில் பர்மா டீக் ரிமைன்ஸ் இன் தி ஹவுஸ் இஸ் அப்ஸ்டேர்ஸ்.” வீட்டில் மிஞ்சியிருக்கிற கொஞ்சநஞ்சப் பர்மாத் தேக்கும் மாடியில்தான் இருக்கிறது. கதவும் தூணும் பெயர்த்து விற்கப்பட்ட வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, அந்த ‘கொஞ்சநஞ்சம்’ என்ற ஏக்கத்தை ‘வாட் லிட்டில்’ அப்படியே தாங்கி நிற்கிறது.

அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்து அண்ணனே பதிலை எழுதினார். முதலில் “ஐ அம் சாரி, ராங் டைல்ஸ் சென்ட்” என்று தொடங்கியதை அடித்துவிட்டு, வந்தது, கேட்டது, உடைந்தது என்று தமிழில் மூன்று சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

“வாட் யூ ரிசீவ்ட் வாஸ் மென்ட் ஃபார் அனதர் கஸ்டமர். வாட் யூ ஆர்டர்ட் வில் லீவ் அவர் வொர்க்‌ஷாப் ஆன் மண்டே. வி வில் ஆல்ஸோ ரீப்ளேஸ் வாட் வாஸ் ப்ரோக்கன் இன் தி ஃபர்ஸ்ட் பாக்ஸ்.”

படித்துப் பார்த்துவிட்டு, “மென்ட் ஃபார்ல அந்த ஃபார் இருக்கட்டும்தானே டீச்சர்?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அனுப்பினார்.